டுப்... டுப்!

சினிமா வில்லன் பிஸ்டல் முனையில் ஒரு குழாயைத் திருகுவான். 'டுப்'! ஆள் காலி. பக்கத்து ரூமில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். சுத்த ரீல் சார்! 1909-ல் சைலன்ஸருக்கு பேடன்ட் வாங்கியவர் ஹைராம் பெர்ஸி மாக்ஸிம். மெஷின்கன் மாக்ஸிமின் மகன். (அப்பா சத்தம், பிள்ளை நிசப்தம்!) அதை மாட்டினாலும் 160 டெசிபல் சுமார் 130 ஆகும், அவ்வளவுதான். போதாததற்கு, குழாயின் கனத்தில் அடுத்த குண்டு ஏறாமல் பிஸ்டல் மக்கர் வேறு பண்ணும்.

இதை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஷாப் நண்பனிடம் சொன்னேன். "என்னாது?" என்றான். கத்தினேன். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்த எல்லை 90 டெசிபல். உள்காதின் நுண்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

"இயர்ப்ளக் தரலியாடா?"

"தந்தாங்களே! பத்திரமா வீட்ல வெச்சிருக்கேன்."