மெஷின் போடும் சத்தத்தைக் கேளுங்கள்!



"லினக்ஸ் போட்டா வைஃபை வராது, பேசாம விண்டோஸ் போட்டுக்கோ!" நம் வகுப்பில் இதைக் கேட்காதவர் உண்டா? இது தவறான பேச்சு என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீடு மேனாம்பேடு. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். அவர் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றினேன். வைஃபை வரவில்லை. சரிசெய்யக் கடையில் ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். "மெஷின் ஓடலைன்னா, அது என்ன சத்தம் போடுதுன்னு மொதல்ல கேளுடா" என்றார்.

லினக்ஸும் சத்தம் போடுகிறது நண்பர்களே! டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டினால் உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் தெரியும். 'டிஎம்இஎஸ்ஜி' என்று தட்டினால் கெர்னல் தன் குறையை வரிவரியாகச் சொல்லும். என் கணினியில் டிரைவர் கெர்னலிலேயே இருந்தது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புதான் இல்லை. செல்போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, நெட் எடுத்து, அதை நிறுவினேன். வைஃபை வந்துவிட்டது!

ஏன் இந்தத் தொல்லை? பல சிப் கம்பெனிகள் ஃபர்ம்வேரின் மூல நிரலைத் தருவதில்லை. அதனால் டெபியன் லினக்ஸ் அதைத் தன் நிறுவல் தட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துக்கொண்டார்கள். நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் வந்தது. எங்கள் தெரு அண்ணன், அக்காக்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்?

நான் தட்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தேன். அதுதான் ஸ்கிரிப்ட்! அதே மாடல் வைத்திருந்த நண்பனுக்குப் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: அடுத்தவர் ஸ்கிரிப்டைப் படிக்காமல் 'சூடோ' போட்டு ஓட்டாதீர்கள். அது வீட்டுச் சாவியைத் தெரியாதவர் கையில் கொடுப்பது போல.

அப்பாவின் லேத் பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்று உண்டு. எந்த மெஷினுக்கு என்ன கோளாறு, என்ன செய்தார் என்று அதில் இருக்கும். நம் லேபிலும் அப்படி ஒரு நோட்டு வைப்போம். கோளாறை எழுதுவோம், தீர்வை எழுதுவோம், ஸ்கிரிப்டைச் சேர்ப்போம். அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைகள் ஐந்நூறு ரூபாயோடு கடை வாசலில் நிற்க வேண்டாமே!

- இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல்