வித்துவானின் சுவாசம்

ஆச்சா மரத்தில் கடைந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தையும், கொறுக்கந்தட்டையைப் பக்குவப்படுத்திக் கட்டிய சீவாளியையும் வியந்து பேசுகிற நாம், அவற்றுக்கு உயிர் கொடுக்கும் வித்துவானின் சுவாசத்தை நினைப்பது அபூர்வம். திமிரி நாதஸ்வரத்தைக் காட்டிலும் நீண்டு சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைப் பிரசித்தமாக்கி, தோடி ராகத்தை மணிக்கணக்கில் விஸ்தரித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) போன்றோரின் நாதத்துக்குப் பின்னே, நாபியிலிருந்து எழும் காற்றை அடக்கியும் விடுத்தும் ஆளுகிற, சிறு பிராயம் தொட்டுச் செய்த அசுர சாதகம் இருந்தது. அத்தகைய சாதகம் செய்தவர் சீவாளியை உதட்டில் நனைத்துப் பதம் பார்க்கும்போதே, பக்கத்தில் ஒலிபெருக்கியை அலறவிடுவது தஞ்சைச் சீமைக்குத் தகாது என்பது என் திடமான அபிப்பிராயம். கெட்டிமேளத்துக்குக் கைகாட்டுவதோடு நில்லாமல், முகூர்த்தத்துக்கு முன் ஒரு ராகத்தையேனும் அவர் சாவகாசமாக வாசிக்க, கல்யாண வீட்டார் அரைமணி நேரம் ஒதுக்கித் தாமும் எதிரே வந்து அமரவேண்டும்.