குழாயின் நுனி எங்கே?

பால்வெட்டிலே கைதேர்ந்த தொழிலாளிக்குக் கத்தியின் முனை எங்கே நிற்கிறது என்பதை எந்தக் கங்காணியும் சொல்ல வேண்டியதில்லை. பால் ஓடும் பட்டையும், அதற்கு உள்ளே மரத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய படையும் கண்ணுக்குத் தெரிவன அல்ல. மேலோடு வெட்டினால் மங்கு நிறையாது. ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் புண்ணாகிப் புதுப்பட்டை கரடு தட்டும். அந்த நூலளவைக் கை அறிகிறது. கண் காணாத இடத்தில் கருவியை நடத்தும் வித்தை அது.

அதே வித்தையை ஆஸ்பத்திரியிலே தாதியரும் டாக்டர்களும் மனித உடம்புக்குள் நடத்துகிறார்கள். பக்கவாதம் வந்து விழுங்கும் சக்தி இழந்தவருக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, இரைப்பைக்கு ஆகாரம் கொடுக்கிறார்கள். 'ரைல்ஸ் டியூப்' என்று நம் மக்கள் சொல்வது அதைத்தான். தொண்டையிலே இரண்டு வழிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று இரைப்பைக்குப் போகிறது. மற்றொன்று நுரையீரலுக்குப் போகிறது. குழாய் வழி தவறி மூச்சுப் பாதையில் இறங்கியதை அறியாமல் பாலை ஊற்றினால், உயிர் காக்க வந்த குழாயே உயிருக்கு உலை வைத்துவிடும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, ஒருபோதும் நடக்கவே கூடாத சம்பவங்கள் என்று 2009-இல் ஒரு பட்டியல் வகுத்தபோது இந்தத் தவற்றையும் அதிலே சேர்த்தது.

நுனி எங்கே என்று அறிய விஞ்ஞானம் கண்ட வழிகளில் ஒன்று காந்தம். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், கம்பிச் சுருளில் மின்சாரத்தை எழுப்பும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டார். அந்த விதிதான் இதற்கும் அடிப்படை. குழாய்க்குள் செருகிய கம்பியின் நுனியில் மிகச் சிறிய சுருள் ஒன்று இருக்கும். அது எழுப்பும் காந்தப்புலத்தை, நோயாளியின் மார்பின்மேல் வைத்த பெட்டி உணர்ந்து, நுனி போகும் பாதையைத் திரையிலே கோடாக வரைந்து காட்டும். வேறு சில கருவிகளில் காந்தப்புலம் வெளியிலிருந்து வரும். நுனியில் உள்ள சுருள் அதை உணரும். சதையும் எலும்பும் இத்தகைய காந்தப்புலத்துக்கு மறைப்பு ஆவதில்லை. எக்ஸ்ரே கதிரும் இதற்கு வேண்டியதில்லை. இருதயத்துக்குள் செலுத்தும் குழாயின் நுனியை இவ்விதம் பின்தொடரும் முறை 1990-களில் நடைமுறைக்கு வந்தது. குடலுக்குள் விடும் நீண்ட நோக்குக் குழாய் எங்கே மடிந்து வளையமிட்டிருக்கிறது என்பதையும் இவ்விதமே காண்கிறார்கள்.

நல்ல கண்டுபிடிப்பு, வரவேற்கிறோம். ஆனால் கருவி வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று எவராவது சொன்னால் அதை நாம் ஏற்பதற்கில்லை.

1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்பில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, டெலிபோனைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் கம்பிச் சுருள்களால் ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின. குண்டு வலப்பக்கம் இருப்பதாக வைத்தியர் நம்பியதால் அந்தப் பக்கத்தையே தேடினார்கள். அது இடப்பக்கம் கிடந்தது. செப்டம்பர் 19-இல் ஜனாதிபதி மாண்டார். கருவி இருந்தது; அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு சரியில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மூக்குக் குழாயைக் காந்தத்தால் பின்தொடரும் 'கார்ட்ராக் 2' என்னும் கருவியைப் பற்றி, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. 2015 முதல் அதைப் பயன்படுத்திய இடங்களில் குழாய் தவறாகப் போனதன் தொடர்பாக 60 காயச் சம்பவங்களும் 23 மரணங்களும் தெரிவிக்கப்பட்டிருந்தன. திரையிலே கோடு ஓடினால் போதாது. அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்த, பழகிய கை வேண்டும். வேறு வழியாலும் சரிபார்க்க வேண்டும். புதுக்கத்தி வாங்கிக் கொடுத்தால் மட்டும் ஒருவன் பால்வெட்டுக்காரன் ஆகிவிடுவானா?

இதெல்லாம் டாக்டர்கள் சமாசாரம், தொழிற்சங்கத்துக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கையுறைகளுக்கும் சிறுநீர்க் குழாய்களுக்கும் நாம் எடுத்த பால் மூலப்பொருளாகப் போயிருக்கிறது. அத்தகைய குழாய்களைச் செய்யும் முன்னணி நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மூக்குக் குழாய் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்; ஆனால் அது யார் மூக்கில் இருக்கிறது என்பதே கேள்வி. நாற்பது ஆண்டு பால் வெட்டிவிட்டு, தோட்டம் துண்டாடப்பட்ட பின் புக்கிட் பெருவாங், ஆயர் குரோ, புக்கிட் பாரு வீடுகளில் வந்து அடைந்திருக்கும் நம் தாய்தந்தையருக்கு இப்போது நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் வருகின்றன. அவர்கள் நம்பியிருப்பது அரசாங்க ஆஸ்பத்திரியின் பொது வார்டையே.

அதோடு முடிவதில்லை. குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படுவோர் பலர். வீட்டிலே காந்தமும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. மகளோ மருமகளோதான் தாதி. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். குழாயில் மூக்கருகே உள்ள அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஊட்டுமுன் சிறிது நீரை உறிஞ்சி எடுத்து, அமிலம் காட்டும் தாளில் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வகுத்த விதி, அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பதாகும். வயிற்று எரிச்சலுக்கு மருந்து உண்பவருக்கு அந்த அளவு உயர்ந்து காட்டலாம் என்பதால், ஐயம் வந்தால் ஊட்டாமல் ஆஸ்பத்திரியைக் கேட்க வேண்டும். காற்றை ஊதி வயிற்றிலே சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்பலாகாது. இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே நிறுத்த வேண்டும். கழன்று வந்த குழாயைத் தாமே திணிக்கக் கூடாது.

எனவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, இத்தகைய கருவிகள் பணம் கட்டுவோருக்கு மட்டும் என்று ஆகிவிடாமல் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் வர வேண்டும். இரண்டாவது, கருவியோடு போதிய தாதியரும் முறையான பயிற்சியும் வர வேண்டும். கருவியைக் காட்டி ஆளைக் குறைப்பதை ஒப்பமாட்டோம். மூன்றாவது, குழாயோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்புமுன் அவர் குடும்பத்தாருக்கு அவர்கள் அறிந்த மொழியில், தமிழர்க்குத் தமிழில், கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தத் தாளையும் கொடுத்தனுப்ப வேண்டும். மூன்றாவதற்குச் செலவு அற்பம். அதைத் தாமதிக்கக் காரணம் எதுவும் இல்லை.

நம் பங்கும் உண்டு. கிளைக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அனுபவமுள்ள தாதியையோ டிரசரையோ அழைத்து இதைச் சொல்லச் செய்யலாம். கடிதம் எழுதத் தெரிந்த கிராணிமார் இந்தக் குறிப்புகளை ஒரு தாளில் எழுதி வீடுதோறும் ஒட்டச் செய்யலாம். புக்கிட் பெருவாங்கிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. மின்சாரமும் மின்னணுவும் கற்கும் நம் பிள்ளைகள், நாளை இந்தக் கருவிகளைச் செய்பவர்களாகவும் பழுது பார்ப்பவர்களாகவும் வர வேண்டும் என்பது நம் ஆசை.

வார்டிலே நம்மவர் ஒருவருக்குக் குழாய் போட்டால் தயங்காமல், மரியாதையோடு கேளுங்கள்: நுனி எங்கே இருக்கிறது, எப்படிச் சரிபார்த்தீர்கள்? நல்ல தாதியும் நல்ல டாக்டரும் அந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்கள். கேட்பது குற்றமல்ல, அது நம் உரிமை.