ஸ்கேன்ல ஒண்ணுமில்லீங்க... ஆனா தலை வலிக்குதுங்க!

மக்களே, தேரையர் கதை தெரியுந்தானே? ராஜாவுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் மண்டையைத் திறந்து பார்த்தா, மூளை மேல ஒரு தேரை! சீடர் ஒரு பாத்திரத்துல தண்ணியக் கொண்டாந்து சலசலன்னு சத்தம் காட்ட, தேரை தாவிக் குதிச்சிருச்சு. சீடருக்கும் தேரையர்னு பேராயிருச்சு.

கதைதான். ஆனா ஒரு விசயம் பொருந்துது: வலி மூளைக்குள்ள இல்ல, மேல!

மூளைக்கு வலியே தெரியாதுங்க. நோயாளிகிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே மூளையில ஆபரேஷன் பண்றாங்க. வலி தெரியறது மூளையைப் போர்த்தியிருக்கற மூணடுக்கு உறையில, முக்கியமா வெளியில கெட்டியா இருக்கற 'டியூரா மேட்டர்'ல. ரே, வுல்ஃப் ரெண்டு பேரும் 1940லயே இதை எழுதிட்டாங்க.

இந்த உறைக்கு வயரிங் ட்ரைஜெமினல் நரம்பு. நெத்திக்கும் கண்ணுக்கும் அதே நரம்புதான். அதான் உறையில வலிச்சா கண்ணுக்குப் பின்னாடி தெறிக்குது. பக் ஒரு ஃபைல்ல, எரர் வேற ஃபைல்ல :-)

மைக்ரேன் வந்தா இந்த நரம்பு நுனிகள் சிஜிஆர்பிங்கற பொருளைக் கக்குது. ரத்தக்குழாய் விரியுது, நரம்பு உசாராகுது. அப்புறம் குனிஞ்சாக்கூட விண் விண்ணுன்னு தெறிக்கும். இதைக் கண்டுபிடிச்ச மாஸ்கோவிட்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலெசன் நாலு பேருக்கும் 2021ல 'பிரெய்ன் பிரைஸ்' குடுத்தாங்க. 2018ல இருந்து சிஜிஆர்பியைத் தடுக்கற ஊசிகளும் வந்திருக்கு. அந்த மருந்து மூளைக்குள்ள பெருசா போறதேயில்ல, ஆனா பலருக்கு வேலை செய்யுது! வம்பை ஆரம்பிக்கறது மூளையா, உறையான்னு மட்டும் விஞ்ஞானிகளுக்குள்ள இன்னும் சண்டை நடக்குது.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். "ஸ்கேன் நார்மல், சும்மா நடிக்கறாங்க"ன்னு சொல்றது சுத்தப் பேத்தல். ஸ்கேன் கட்டியைக் காட்டும், ரத்தக்கசிவைக் காட்டும். நரம்பு நுனியில நடக்கறதைக் காட்டாது. சர்வரை போட்டோ புடிச்சுட்டு புரோகிராம்ல பக் இல்லைன்னு சொல்வீங்களா?

பெங்களூர் பக்கம் நடந்து 2015ல வெளியான ஆய்வுல, பெரியவங்கள்ல நூத்துக்கு 25 பேருக்கு வருசத்துல ஒருக்காவாவது மைக்ரேன். ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். நம்ம கோயமுத்தூர் மில்லுலயும் திருப்பூர் பனியன் கம்பெனியிலயும் மிசின் இரைச்சல், டியூப் லைட்டு, நைட் ஷிப்ட்டு. நெத்தி பூரா தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கற அம்மணிகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. இருட்டு ரூம்ல ஒரு மணி நேரம் படுக்க விட்டா ஏற்றுமதி நின்னு போயிருமாங்க? ஐடி கம்பெனி மேனேஜர்களுக்கும் இதே கேள்விதான்!

அதுக்காக மெடிக்கல்ல தானா மாத்திரை வாங்கி முழுங்காதீங்க. மாசத்துல பத்து, பதினஞ்சு நாள் வலி மாத்திரைன்னு மாசக்கணக்குல போனா, மாத்திரையே தலைவலியைக் குடுக்கும். நரம்பு டாக்டரைப் பாருங்க. வராம தடுக்கற மருந்துகளும் இருக்கு.

டிஸ்கி: திடீர்னு இடி மாதிரி வலி, காய்ச்சலோட கழுத்து இறுக்கம், கை கால் இழுக்கறதுன்னா அது வேற கேஸ். பதிவு படிச்சுக்கிட்டு உக்காராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க சாமி!