இருமலுக்குக் காரணம் எது?

அரியலூர் வட்டாரம் பன்னெடுங்காலத்துக்கு முன் கடலடியாய்க் கிடந்த நிலம். அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லே இன்று அம்மாவட்டத்தின் பெருஞ்செல்வம். அதனை நம்பியே சிமெண்டு ஆலைகள் பல எழுந்தன. அரசின் ஆலையும் 1979இல் அங்குத் தொடங்கப்பெற்றது. கல் வெட்டும் சுரங்கமும் கல் சுமக்கும் லாரியும் தூசி எழுப்பாமல் இரா. ஆலையை அடுத்த ஊரில் ஒருவர், “எங்கள் இருமலுக்கு இத்தூசியே காரணம்” என்கிறார் என்று கொள்வோம். “அன்று, வேறு காரணம் இருக்கலாம்” என்கிறார் மற்றொருவர். யார் கூற்று மெய் என்று எவ்வாறு அறிவது?

ஆலையில்லாத ஊர்களிலும் இருமுவோரை எண்ணி ஒப்பிடலாமே என்று உடனே தோன்றும். அண்டையில் பெரம்பலூர் மாவட்டம் இருக்கிறது. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். 2007இல்தான் இறுதியாகத் தனித்தனியாயின. ஆயினும் இவ்வொப்பீடு நம்மை ஏமாற்றிவிடும். பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. பூச்சிமருந்து தெளிக்கும் உழவர் அதனை மூச்சோடு இழுக்க நேரும். கல்லுடைக்கும் ஆலைகளும் அங்கு உண்டு. அரியலூரிலோ, ஆலைக்கு அருகே வாழ்வோர் வேறிடம் செல்ல வசதியற்றவராக இருக்கலாம்; வறியவர் வீட்டில் விறகடுப்புப் புகை மிகுதி. இன்னொரு விந்தையும் கேளுங்கள். கடும் வேலைக்கு வருவோர் பெரும்பாலும் உடல் வலிமையுள்ளவர். நோயுற்றோர் வேலையை விட்டு விலகிவிடுவர். எனவே வேலையில் இருப்போரை மட்டும் எண்ணினால், தூசி தீங்கற்றது என்றே கணக்குக் காட்டும்!

அடுப்பையும் பீடியையும் கேட்டு எழுதிக்கொண்டு, ஒத்தவரை ஒத்தவரோடு ஒப்பிடலாம். ஆனால் கேட்கவேண்டும் என்றே நமக்குத் தோன்றாத காரணத்தை என்ன செய்வது?

இவ்வினா முன்பே உலகை உலுக்கியது. புகைபிடிப்போர்க்கு நுரையீரற் புற்றுநோய் மிகுதியாக வருவதை 1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் அறிஞர் இருவர் எடுத்துக்காட்டினர். புள்ளியியலில் பேரறிஞரான பிஷர் அதனை ஏற்கவில்லை. பிறப்பிலேயே அமைந்த ஒரு கூறு, ஒருவரைப் புகைக்கவும் தூண்டி நோயையும் தரலாம் அன்றோ என்றார். அவர் புகையிலை உற்பத்தியாளர்களின் ஆலோசகராகவும் இருந்தார் என்பது வேறு செய்தி. 1959இல் அமெரிக்கரான கார்ன்பீல்டும் அவர்தம் துணைவரும் அதற்கு விடை கூறினர். புகைப்போர்க்கு நோய் ஒன்பது மடங்கு வருகிறதென்றால், அதனை முழுவதும் விளக்கவல்ல மறைகாரணம் புகைப்போரிடம் குறைந்தது ஒன்பது மடங்காவது மிகுந்திருத்தல் வேண்டும். அத்துணைப் பெரிய காரணம் கண்ணில் படாமல் இருக்குமா? ‘வேறு காரணம் இருக்கலாம்’ என்பவர், அது எவ்வளவு பெரிதாதல் வேண்டும் என்றும் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே என் கருத்து.

அரியலூருக்கு இதனினும் நல்ல துணை ஒன்று உண்டு. அது காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும். அப்போது ஆலைத் தூசி கிழக்கே உள்ள ஊருக்குச் செல்லும். மார்கழி, தையில் வாடை திரும்பும். தூசி தென்மேற்கே உள்ள ஊரை நாடும். அடுப்பும் வறுமையும் பிறவிக்கூறும் காற்றோடு ஊர் மாறுவதில்லை. பருவத்துக்குரிய சளியும் மருந்து தெளிப்பும் இரண்டு ஊருக்கும் பொது. ஆதலின், இருமலின் மிகுதி காற்றோடு சேர்ந்து ஒரு புறத்திலிருந்து மறுபுறம் இடம்பெயர்ந்தால், பிற காரணங்களின் மேல் பழிபோடுவது அரிதாகிவிடும். பெயராவிட்டால், தூசியைக் குற்றஞ்சாட்டியவர் தம் கூற்றை மறுபடி எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காற்றும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஆண்டுக்கணக்கில் நுரையீரலை மெல்லக் கெடுக்கும் தூசி, பருவத்துக்கு ஏற்ப ஏறியிறங்கும் கணக்கில் அகப்படாது. அதற்கு, ஓரிடத்திலேயே நெடுநாள் வாழ்ந்தவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தல் வேண்டும். ஆனால் முதற்கணக்குக்குப் பெருஞ்செலவு இல்லை. மருத்துவ நிலையங்களில் நோயாளி வந்த நாளையும் ஊரையும் ஒழுங்காகக் குறித்து, காற்றின் திசைக்குறிப்போடு சேர்த்துப் பார்த்தால் போதும்.

அக்கணக்கு முடியும்வரை வாளாவிருக்க வேண்டுமா? நோய்க்கு இழப்பீடு கேட்போர் சான்று காட்டத்தான் வேண்டும். கல்லேற்றிய லாரியைத் தார்ப்பாயால் மூடுவதற்கும் மண்சாலையில் நீர் தெளிப்பதற்கும் அத்தகைய சான்று எதற்கு? அவை இன்றே நடக்கலாம்.