மார்பக அறுவை: ஆசையும் அவசியமும்

மார்க்கச் சட்டத்தை அறிந்துகொள்வதற்கு நாணம் தடையாக இல்லை என்று மதீனத்து அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் போற்றியிருக்கிறார்கள். ஆகவே, சகோதர சகோதரிகளே, நம் இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படாத ஒன்றை இங்கே பேசுவோம்.

2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை இலவசமாகச் செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்தது. புற்றுநோயால் மார்பை இழந்தோர்க்கு மட்டுமன்று, அளவைப் பெரிதாக்க விழைவோர்க்கும் அது உண்டு என்றார்கள். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி, 'அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஹராம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் நம்மிடையே உண்டு. நோய்க்கு ஓர் உறுப்பைப் பறிகொடுத்த பெண்ணிடம் இதைச் சொல்வது எத்துணைக் கொடுமை!

குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் ஒரு மூக்கு அமைத்துக்கொண்டார்கள். அது நாற்றமெடுத்தது. தங்கத்தால் அமைத்துக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கமே குறை தீர்க்க ஆகுமாயிற்று, பாருங்கள்! 2007-இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் இவ்வழியே தீர்ப்பளித்தது. நோயாலும் விபத்தாலும் நேர்ந்த குறையைச் சீராக்கும் அறுவை கூடும். குறையேதும் இல்லாத உடலை அழகுக்காக மட்டும் மாற்றுவது கூடாது.

கூடும் என்பதால் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். மார்பை மீண்டும் அமைப்பது பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதில்லை. தோலுக்கடியில் ஒரு பையை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றி இடம் உண்டாக்கி, பின்னரே சிலிக்கோன் பையை வைப்பதுண்டு. வயிற்றுச் சதையை எடுத்து அமைக்கும் முறையும் உண்டு. உருவம் திரும்பினாலும் பழைய உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. பையைச் சுற்றி வளரும் தழும்பு இறுகி வலிக்கலாம். வெளியே தெரியாமல் பை கிழியலாம். அது ஆயுளுக்கும் நிலைக்கும் பொருளன்று என்று எச்சரிக்க வேண்டுமென 2021-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டளையிட்டது. அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயும் வருகிறது. பிரான்சின் 'பிப்' நிறுவனம் மருத்துவத்திற்கு ஆகாத மலிவுச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமாயிற்று. அதன் நிறுவனர் 2013-இல் 4 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எந்த நிறுவனத்தின் பை, எப்போது மாற்ற நேரும் என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

மனைவியைத் திரைப்பட நடிகையோடு ஒப்பிட்டு அறுவைக்கு நெருக்கும் கணவர்களே, ஊனமில்லாத ஒரு மேனியில் கத்தி வைக்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் தந்தவர் யார்? பிள்ளைக்கு நிறைவாக 2 ஆண்டு பாலூட்டலைத் திருமறை கூறுகிறது. முலைக்காம்பைச் சுற்றிக் கீறிச் செய்யும் அறுவையால் அந்தப் பால் குறையவும் கூடும்.

அவசியத்தால் அறுவை செய்துகொள்ளும் சகோதரிகள் பெண் மருத்துவரை நாடுக. கிடைக்காவிடில் ஆண் மருத்துவரிடம் செல்வது குற்றமன்று. புண் ஆறும்வரை ஸுஜூது செய்ய இயலாதெனில் அமர்ந்து சைகையால் தொழலாம். கடமையான குளிப்பில் கட்டின்மீது ஈரக்கையால் தடவினால் போதும். ஷாஃபிஈ மத்ஹபினர் தயம்மமும் சேர்த்துச் செய்துகொள்வர்.