சோதி வழிபாடும் ஓர் ஏக்கர் நிலமும்

வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867ஆம் ஆண்டு மே மாதம் மூட்டப்பட்ட அடுப்பு இன்றுவரை எரிகிறது. சாதி, சமயம் கேளாமல் பசித்தவருக்குச் சோறிட வேண்டும் என்று வள்ளலார் வகுத்த நெறிக்கு அதைவிட எளிய சான்று தேவையில்லை. ஆனால், அண்மை ஆண்டுகளில் வடலூர் செய்திகளில் அடிபட்டது வேறொரு காரணத்துக்காக. பார்வதிபுரம் மக்கள் அக்காலத்தில் வழங்கிய 80 காணி நிலத்தில் சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தைப்பூசத்தன்று சோதி காண லட்சக்கணக்கானோர் கூடும் பெருவெளியில் கட்டடம் கூடாது என்று அந்த ஊர் மக்களும் சன்மார்க்க அன்பர்கள் பலரும் எதிர்த்தனர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இருதரப்பு வாதங்களும் கட்டடம் எங்கே அமைய வேண்டும் என்பதோடு நின்றுவிட்டன. 1865இல் தொடங்கிய சமரச சுத்த சன்மார்க்க சங்கத்தின் நெறியை ஏற்றவர்கள், கூலிக்கும் நிலத்துக்கும் மனிதர்கள் அடித்துக்கொள்ளும் ஊர்களில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. அந்தக் கேள்விக்கு வடலூரிலிருந்து தெற்கே, காவிரியின் கடைமடையில், ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைப்பில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெற்கூலியைச் சற்றே உயர்த்தக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் அவர்கள் செய்த குற்றம். முதன்மைக் குற்றவாளி என்று கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார் மேல்முறையீட்டில் விடுதலையானார். செய்தி அறிந்து அங்கே வந்தவர்களில் காந்திய இணையரான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இருந்தனர். 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாள் ஒடுக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜெகந்நாதன் செல்வக் குடும்பத்தில் பிறந்து அதை உதறியவர். விடுதலை பெற்ற இந்தியாவில்தான் திருமணம் என்று காத்திருந்து 1950இல் மணந்தனர். பின்னர் வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தனர். வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சையே அவர்களுடைய களமாயிற்று.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டெல்டாவின் பண்ணையாட்களிடம் முதலில் வந்தவர்கள் ஆன்மிகவாதிகள் அல்லர். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவுகட்டிய 1940களின் போராட்டங்களும், 1952ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிவகுத்த நெருக்கடியும் பி.சீனிவாசராவ் போன்ற செங்கொடித் தலைவர்கள் உருவாக்கியவை. மடங்களும் கோயில்களும் அப்போது நில உடைமையாளர்களின் வரிசையில் இருந்தன. நில உச்சவரம்பு 1970இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டபோதும் சமய அறக்கட்டளைகளுக்கு விலக்கு கிடைத்தது. எனவேதான் வலிவலத்தில் கோயில் நிலத்தைக் கைக்குள் வைத்திருந்த ஆதிக்கத்துக்கு எதிராக இந்த இணையர் சத்தியாகிரகம் நடத்தியபோது, கடவுளின் பெயரால் வந்த உடைமையைக் கடவுளை நம்புகிறவர்களே கேள்வி கேட்கும் நிலை உண்டானது.

கிருஷ்ணம்மாளின் பக்தி வள்ளலாரின் சோதியில் வேர்கொண்டது. அவருக்கு விளக்கேற்றி வழிபடுவதும், மழையில் ஒழுகும் குடிசைக்குள் போய் உட்கார்ந்து பேசுவதும் ஒரே நாளின் இரு வேலைகள். 1981இல் தொடங்கிய ‘லாப்டி’, அதாவது உழுபவனின் நில உரிமைக்கான இயக்கம், செய்தது கேட்பதற்குச் சாதாரணமானது. விற்க மனமுள்ள நிலக்கிழாரிடம் பேசி விலையைக் குறைத்து, வங்கிக் கடனுக்கும் அரசு உதவிக்கும் அலைந்து, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பிரித்துப் பெண்ணின் பெயரில் பத்திரம் பதிந்தது. கடனை விளைச்சலிலிருந்து அடைத்தார்கள். இவ்வாறு சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. தானமாகக் கிடைத்த பூதான நிலங்கள் பலவும் சாகுபடிக்கு உதவாத தரிசு என்ற அனுபவமே, விலைகொடுத்து வாங்குவோம் என்ற முடிவுக்கு அவர்களைத் தள்ளியிருக்க வேண்டும். பெண்ணின் பெயரில் பதிந்ததுதான் இதில் ஆக நுட்பமான முடிவு என்பது என் எண்ணம். குடிக்கும் கடனுக்கும் எளிதில் போய்விடாத ஏக்கர் அது.

பெற்ற நிலத்தைக் காப்பதும் பின்னர் போராட்டமாயிற்று. 1990களில் கடலோரத்தில் பெருகிய இறால் பண்ணைகள் நிலத்தடி நீரையும் வயலையும் உப்பாக்கின. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்ற 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் வேகத்தைப் பெரிதும் தணித்துவிட்டது. 2008இல் இருவருக்கும் மாற்று நோபல் எனப்படும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார்.

இன்று அதே எண்ணத்தை அரசே கையில் எடுத்திருக்கிறது. தாட்கோ வழியாக நடைபெறும் ‘நன்னிலம்’ திட்டம், நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க விலையில் பாதியை, 5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல், மானியமாக அளிக்கிறது. வரவேற்கத்தக்கது. ஆனால், தனித்தனியாக விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு விற்பவரைத் தேடிக் கொடுப்பது யார்? காவிரிக் கடைமடையில் ஓர் ஏக்கருக்கு வாய்க்காலும் வரப்புவழியும் இல்லையென்றால் அது வெறும் பத்திரம். பண்ணை நிலத்தைச் சேர்த்து விலைபேசிப் பிரித்தபோது பாசனமும் பாதையும் கூடவே வந்தன. அதற்கு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்திய மனிதர்கள் இருந்தார்கள். தடுத்து நின்ற நிலக்கிழாரையும் பகைவராகக் கருதாமல், மறுநாள் மீண்டும் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போகும் பொறுமை இருந்தது. மானிய விதிகளில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

தமிழகத்தில் பல ஊர்களில் சன்மார்க்க சங்கங்கள் உள்ளன. அன்னதானத்தை அவை ஒழுங்காகச் செய்கின்றன. அந்தப் பந்தியில் உட்காரும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு நன்னிலம் விண்ணப்பம் நிரப்பித் தரவும், அவருக்காக விற்பவரிடம் போய்ப் பேசவும் அச்சங்கங்களால் முடியும். ஊரில் அவற்றுக்கு மரியாதை இருக்கிறது. எந்தக் கட்சியும் சாதிச் சங்கமும் நுழைய முடியாத வீடுகளில் அவற்றின் சொல் ஏறும். டெல்டாவில் எந்தச் சங்கமாவது இதை ஒரு கிராமத்திலேனும் தொடங்கினால், வடலூரில் எழும்பும் மையத்தின் நூலகத்தில் வைக்க அந்தப் பதிவேடு தகுதியானதாக இருக்கும்.